இலைக் கொட்டகையில் மூன்று நிரை

“ஏனம்மணி, உங்க ஊட்டுல யாரும் பேப்பர் படிச்சு நான் பாத்ததில்ல. நீ எப்படிப் பேப்பர் போடுவே?”

சங்கத்துச் செயலாளர் இப்படிக் கேட்டபோது அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. கேலியாக இருந்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாள் வந்தது என்றால் அது பஜ்ஜியைச் சுற்றிக்கொண்டு வந்ததுதான். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறு பிள்ளைகளாக இங்கே வந்து இறங்கியவர்கள். கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்தே வளர்ந்து, வேலை செய்துகொண்டே கல்யாணமும் செய்துகொண்டார்கள். அக்கா நான்காவதோடு நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தின் முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை ஏறி முடித்த முதல் ஆள் நான். என் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை அம்மா கண்ணாடி போட்டுச் சாமி படங்களின் வரிசையில் மாட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பொட்டு விழும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது.

பள்ளி முடிந்ததும் கோத்தகிரியில் ஒரு டிடிபி கடையில் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குடும்பங்களின் புதுமனை புகுவிழா, எதுவானாலும் எழுத்தைக் கோத்துக் கொடுப்பது என் வேலை. அவற்றுக்கு நடுவே மாதம் ஒரு முறை எனக்கென்று ஒரு திருவிழா வரும். எங்கள் பகுதிச் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் மாதத் தாள். ஒரே தாள், இரண்டு பக்கம், பக்கத்துக்கு மூன்று பத்தி. கடையில் பத்தி என்று சொல்ல மாட்டார்கள், ‘காலம்’ என்பார்கள். மூன்று காலமும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும்படி வரிகளை இழுத்தும் சுருக்கியும் வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி ஒரு முறை பார்ப்பேன். வெட்டிவிட்ட தேயிலைக் காடு மாதிரி மட்டமாக இருக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை.

பிறகு பச்சைத் தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் ஒரே நாளில் அல்ல, மலைச்சரிவில் மண் சரிகிற மாதிரி, பார்த்துக்கொண்டே இருக்கும்போது. எஸ்டேட்டில் அம்மாவுக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை என்றானது. மற்ற நாட்களில் சிறு விவசாயிகளின் காட்டில் இலை எடுக்கப் போனார். ஊரில் கல்யாணங்கள்கூடத் தள்ளிப்போயின. டிடிபி கடையில் எனக்கு அரை நாள் வேலைதான் என்றார்கள். கடைசியில் சங்கமும் அச்சுக்கூலி கட்டுப்படியாகாது, மாதத் தாளை நிறுத்தப் போகிறோம் என்று சொல்லி அனுப்பியது.

அன்றைக்கே செயலாளரைப் பார்க்கப் போனேன். “சார், இலை எடை போடற கொட்டகையில பெரிய டிவி தொங்குதுங்களே. தாளை அதுல காட்டலாமுங்க. அச்சே வேண்டாமுங்க. நானே பண்ணித் தர்றேன்” என்றேன். அதற்குத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இத்தன நாளு தாளைக் கோத்தது நாந்தானுங்க” என்றேன்.

“அது கோக்கறது. உங்க கடை ஓனர் சொன்னாரு, நீ கோத்தே. இது படிக்க வெக்கறது.” மேசையில் கிடந்த பழைய மாதத் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “சரி, ஒரு மாசம் பாக்கறேன். ஜனங்க படிச்சா நீயே பாத்துக்கோ, அச்சுக்கூலியில பாதிய உனக்குத் தர்றோம். படிக்கலீன்னா எப்பவும் போல கிரிக்கெட்டே ஓடட்டும்.”

அதே வாரம் அக்கா திருப்பூரிலிருந்து போன் செய்தாள். “எங்க கம்பெனியில செக்கிங்குக்கு ஆள் கேக்கறாங்கடி. வர்ற ஒன்னாந்தேதி வந்துரு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.” எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் அப்படிப் போய்விட்டார்கள். எனக்குத் திருப்பூர் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் எழுத்தை அதன் இடத்தில் வைப்பது ஒன்றுதான் நான் ஆசையாகக் கற்ற வேலை. அதை விட்டுவிட்டுப் பனியனில் ஓட்டை தேட மனம் ஒப்பவில்லை. “ஒன்னாந்தேதி வரைக்கும் பாத்துட்டுச் சொல்றேன்க்கா” என்றேன். ஆக எனக்கு இருந்தது ஒரு மாதம். கொட்டகையில் ஜனங்கள் படித்தால் மலை, இல்லாவிட்டால் திருப்பூர்.

கொட்டகை என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளமான இடம். விவசாயிகளும் இலை எடுக்கும் பெண்களும் மூட்டைகளோடு வந்து எடை போடுவார்கள். ஃபேக்டரி லாரி எப்போது வரும் என்பது அந்த லாரிக்கே தெரியாது. அதுவரை குறைந்தது ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான், விலை நன்றாக இருந்த நாட்களில் சங்கம் அந்த டிவியை வாங்கி மாட்டியது. ஒரு முறை குரங்குகள் உள்ளே புகுந்து வயரைப் பிடுங்கிவிட்டதால் டிவியைச் சுற்றி இரும்புக் கூண்டு அடித்திருந்தார்கள். கூண்டின் முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு தடித்த கம்பிகள். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு அது பழகிவிட்டது. பந்து கம்பிக்குப் பின்னால் போனாலும் எப்படியும் வெளியே வந்துவிடும்.

முதல் திங்கட்கிழமை நான்கு மணிக்கு, அச்சுக்குப் போகிற அதே தாளை அப்படியே படமாக்கிப் பேன்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எடைக்காரர் கிரிக்கெட்டை மனமில்லாமல் நிறுத்தினார். பேன்டிரைவைச் செருகினேன். திரையில் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. நடுவில் நின்றவாக்கில் ஒல்லியாக என் தாள்.

எங்கள் பக்கத்து வீட்டு அத்தை முன் பெஞ்சில் இருந்தார். எங்கள் லைனிலேயே குரல் பெரியது அவருக்குத்தான். “என்னா புள்ள, டிவியில ஸ்டாம்பு ஒட்டி வெச்சிருக்கே?” என்றார்.

எடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டே சொன்னார். “வெலிங்டன்ல மிலிட்டரிக்காரங்ககிட்டச் சொல்லி ஆளுக்கொரு பைனாகுலர் வாங்கியாரோணுமுங்க.”

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். காகிதம் உயரமானது, திரை அகலமானது. இந்தச் சின்ன விஷயம் இரண்டு வருடம் அந்த வேலையையே செய்த எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை வேறு மாதிரி செய்தேன். பத்தியே வேண்டாம் என்று விட்டுவிட்டு, பெரிய எழுத்தில், திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிகளை ஓட விட்டேன். எழுத்து நன்றாகத் தெரிந்தது. படிக்கத்தான் முடியவில்லை. ஒரு வரியின் கடைசி வரை போய்விட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவதற்குள் கண் வழி தவறிவிடுகிறது. எழுத்தறிவு வகுப்பில் படிக்கக் கற்ற அத்தை, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், ஒரே வரியை மூன்று முறை படித்துவிட்டு, “சொன்னதையே சொல்றாளே இவ” என்றார்.

அது போதாதென்று அந்த இரண்டு கம்பிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு எழுத்தை அவை விழுங்கிக்கொண்டிருந்தன. ‘உர மானியம்’ என்று போட்டிருந்தேன். அதில் ‘னி’ சரியாகக் கம்பிக்குப் பின்னால் போய்விட்டது. பின் பெஞ்சிலிருந்து ஒரு விவசாயி சத்தமாகப் படித்தார். “உர மாயம்.”

“அது சரியாத்தானுங்க போட்டிருக்குது” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அன்றைக்கு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது என் அம்மாதான். வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் “உர மாயம், உர மாயம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியபோது எனக்கு வழி தெரிந்திருந்தது. கம்பிகள் திரையை மூன்றாகப் பிரிக்கின்றன. என்னிடம் மூன்று பத்தி இருக்கிறது. மறுநாள் ஏணி போட்டு ஏறிக் கம்பிகளுக்கு நடுவே டேப் பிடித்து அளந்தேன். கம்பி விழும் இடத்தில் எழுத்தே இல்லாமல் சந்து விட்டுவிட்டால் போதும். ஆனால் இடது பெஞ்சில் உட்கார்ந்தால் கம்பி வலது பக்கம் நகர்ந்துவிடுகிறது, வலது பெஞ்சில் உட்கார்ந்தால் இடது பக்கம். ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து பார்த்து, சந்தை இரண்டு மடங்கு அகலப்படுத்தினேன். வரிக்கு மூன்று நான்கு சொல்தான் பிடித்தது. அதுவே நல்லதாகவும் போனது. வரி குட்டையாக இருந்தால் கண் தொலைந்துபோவதில்லை.

திங்கட்கிழமை காலையில் அம்மா இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டிருந்தார். தேயிலைச் செடி உடம்பில் கிழிக்காமலிருக்கக் கட்டிக்கொள்ளும் தடித்த சாக்கு அது.

“அம்மா, இன்னைக்கு டிவியில மூணு காலம் போட்டிருக்கேன்” என்றேன்.

“தேயிலைக்கு ஒரு காலமும் சரியில்லன்னு ஊரே அழுவுது. நீ மூணு காலம் வெச்சிருக்கியா? அதுல ஒன்ன எங்களுக்குக் குடு” என்றார்.

அன்று மாலை திரை நிறைய மூன்று பத்திகள் கம்பிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தன. “ம், இது பேப்பரு” என்று யாரோ சொன்னார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அச்சில் செய்வது போலவே செய்திகளைத் தொடர்ச்சியாக ஓட விட்டிருந்தேன். முதல் பத்தியின் அடியில் முடியாத செய்தி இரண்டாம் பத்தியின் தலையில் தொடரும்.

எல்லாருக்காகவும் அத்தை உரக்கப் படித்தார். எழுத்துக்கூட்டி, மூச்சு வாங்கி, முதல் பத்தியை மேலிருந்து கீழே வரை முடித்தார். சங்கக் கூட்டம் பற்றியது. ஒரு தவறு இல்லை. அடுத்து இரண்டாம் பத்திக்கு வந்தார். அதில் நான் இப்படிப் போட்டிருந்தேன்:

மழை நின்றதும்
கவாத்து வெட்டிய
செடிகளுக்கு
மருந்து அடிக்கவும்.
தலைவர் ஐயா
பேரனுக்குக்
காதுகுத்து.
அனைவரும் வருக.

அத்தை படித்தது இது: “அனைவரும் வருக. காதுகுத்து. பேரனுக்குத் தலைவர் ஐயா மருந்து அடிக்கவும்.”

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எடைக்காரர் தராசுக் கொக்கியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இலை மூட்டையின் மேல் விழுந்து சிரித்தவர்கள் உண்டு. “ஐயோ பாவம், சின்னப் புள்ளைக்கு என்னா மருந்து? செடியில வர்ற செம்பேனுக்கா?” என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி “எத்தன டேங்கு அடிக்கணுமாம்?” என்றாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. “எழுதினதைத்தானே படிச்சேன்?” என்று என்னைப் பார்த்தார்.

நான் அழுதுவிடும் நிலைக்கு வந்துவிட்டேன். அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. “அத்தை, கீழேருந்து யாராவது படிப்பாங்களா? உங்களுக்குப் படிக்கத் தெரியலன்னா நான் என்ன பண்றது?” என்று கத்திவிட்டேன். அம்மா என்னை முறைத்தார்.

அத்தைக்குக் கோபம் வரவில்லை. “ஆமாண்டி, எங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தானே உன்னைய படிக்க வெச்சது? எங்களுக்குத் தெரியற மாதிரி போடு” என்றார். பிறகு திரையைக் கையால் காட்டிக் கேட்டார். “நீயும் லீவுக்கு லீவு மலைக்கு வந்தவதானே. ஒரு நிரை புடிச்சுக் கொழுந்து எடுத்துக்கிட்டே போறே. நிரை முடிஞ்சுருச்சு. அடுத்த நிரைய எங்கேருந்து புடிப்பே?”

“நின்ன இடத்துலருந்துதான்.”

“மறுபடியும் மொத மொனைக்குச் சும்மா நடந்து போவியா?”

“இல்ல.”

“அப்புறம் இங்க மட்டும் ஏன் போகச் சொல்றே?”

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வரிசைக்கு நிரை என்று பெயர். ஆளுக்கு ஒரு நிரை. ஒரு கோடியில் தொடங்கி மறு கோடியில் முடித்தால், அங்கேயே திரும்பி அடுத்த நிரையில் வந்த திசைக்கே எடுத்துக்கொண்டு வருவோம். முப்பது வருடம் கண்ணும் காலும் அப்படிப் போய்ப் பழகியவர்கள் அவர்கள். பஸ் போர்டு படிப்பார்கள், ரேஷன் கடைப் பலகை படிப்பார்கள். அதிலெல்லாம் பத்தி கிடையாது. அடுத்தடுத்து மூன்று நிரை நிற்கிறது என்று கண்டதும் கண் தனக்குத் தெரிந்த வழியில் நடந்திருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அர்த்தம் மெதுவாகத்தான் வந்து சேரும். அது வந்து சேருவதற்குள் தலைவர் மருந்து அடித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் பழைய மாதத் தாள் ஒன்றை விரித்து வைத்து என் கண்ணையே கவனித்தேன். முதல் பத்தியின் அடிக்கு வந்ததும் கண் குறுக்காக ஒரு தாவு தாவி அடுத்த பத்தியின் உச்சிக்குப் போகிறது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தாவல் இருக்கிறது என்றே நான் கவனித்ததில்லை. கையளவு காகிதத்தில் அது சின்னத் தாவல். அந்தப் பெரிய திரையில், கழுத்தைத் தூக்கி, கம்பியைத் தாண்டி, எந்த வரியில் ஏற வேண்டும் என்று தேட வேண்டும். எனக்கு இயல்பாக இருந்தது எல்லாருக்கும் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் எனக்குப் பழக்கிய பல பழக்கங்களில் அதுவும் ஒன்று.

இதற்குள் காதுகுத்துச் செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது. சங்கத் தலைவர் கடைத்தெருவில் நடந்தால் “மருந்து அடிச்சாச்சுங்களா?” என்று விசாரித்தார்கள். செயலாளர் என்னைக் கூப்பிட்டார். “ரெண்டு வாரம் முடிஞ்சுது அம்மணி. தலைவரு என்னைய ஊட்டுக்கே வந்து புடிச்சுட்டாரு. இன்னும் ரெண்டு வாரம் இருக்குது. வேணுமா, இல்ல இதோட நிறுத்திக்கலாமா?”

“வேணுமுங்க” என்றேன்.

பத்திகளின் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் பார்த்தேன். “இது என்னா, பஸ் நம்பரா?” என்றார் அத்தை. அம்புக்குறி போட்டேன். அம்பு எதைக் காட்டுகிறது என்று ஒரு பெஞ்சு முழுக்க விவாதம் நடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இவ்வளவு நேரமும் அவர்களைத் திருத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்த வேண்டியது திரையை.

ஒரு செய்தி ஒரு பத்தியிலேயே முடிந்துவிட்டால் என்ன? அடுத்த பத்தியை எங்கிருந்து பிடிப்பது என்ற கேள்வியே வராது. எந்தப் பத்தியை முதலில் படித்தாலும், ஒன்றை மட்டும் படித்துவிட்டு மூட்டையைத் தூக்கப் போனாலும், அந்தச் செய்தி முழுசாகக் கையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தலையில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு. தலைப்பு இருக்கும் இடம்தான் தொடக்கம் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்று பத்தியும் ஒரே மட்டத்தில் முடிய வேண்டும் என்ற என் பெருமையை மட்டும் கைவிட வேண்டியிருந்தது. சின்னச் செய்தி பாதியிலேயே முடிந்து அடியில் வெற்றிடம் கிடந்தது. முதல் நாள் அதைப் பார்க்கவே எனக்குக் கை அரித்தது.

ஒரு பத்திக்கு ஒன்பது வரிதான். அதனால் எழுதவும் கற்க வேண்டியதாயிற்று. ‘என்பதை இதன் மூலம் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்பதை எடுத்தால் இரண்டு வரி மிச்சம். தலைவரின் வாழ்த்துரை ஒரு முழுப் பக்கம் வந்தது. அதையும் ஒன்பது வரிக்குள் அடக்கினேன். சங்கத்துக்கு நான் செய்த பெரிய சேவை அதுதான் என்று செயலாளர் பிற்பாடு காதோடு சொன்னார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்த டிவி ஒரு படத்தை அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காது. அத்தை மூன்றாம் வரிக்கு வருவதற்குள் படம் மாறிவிடும். என்னென்னவோ பொத்தானை அழுத்திப் பார்த்தும் வழி கிடைக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு படத்தையும் எட்டு முறை பேன்டிரைவில் போட்டேன். எட்டு முறை மாறியும் திரை அப்படியே நின்றது. கடைக் கணினியில் ஒவ்வொரு பத்தியின் கோப்புக்கும் நிரை ஒன்று, நிரை இரண்டு, நிரை மூன்று என்றுதான் பெயர் வைத்தேன். காலம் என்ற சொல் அதோடு என் வாயிலிருந்து போய்விட்டது.

அடுத்த திங்கட்கிழமை நடந்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. இடது பெஞ்சுக்காரர்கள் இடது நிரையைப் படித்தார்கள், வலது பெஞ்சுக்காரர்கள் வலது நிரையை. நடுவில் இருந்தவர்களுக்கு நடு நிரை. ஒரே நேரத்தில் மூன்று குரல். பிறகு ஒரு பெஞ்சு இன்னொரு பெஞ்சைக் கேட்டது.

“ஏனுங்க, அங்க என்ன போட்டிருக்குதுங்க?”

“கண் ஆஸ்பத்திரி கேம்ப்பு. ஞாயித்துக்கெழம ஸ்கூல்ல. உங்க பக்கம் என்னா?”

“கரடி. கீழ்க்காட்டுக்குள்ள மறுபடியும் வந்திருக்குதாம். ரெண்டு பேரா போகச் சொல்லி எழுதியிருக்குது.”

“அய்யோ, அத மொதல்ல சொல்ல வேணாமா!”

கொட்டகைக்குள் பஸ் ஸ்டாண்டு மாதிரி சத்தம். தாளாக இருந்த காலத்தில் அது இப்படிப் பேசப்பட்டு நான் பார்த்ததே இல்லை. தாளை மடித்துப் படங்குக்குள் செருகிக்கொண்டு போவார்கள். மறுநாள் அதில் தூக்குப்பாத்திரம் சுற்றியிருக்கும்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை செயலாளர் கொட்டகைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். என் நேரம், அன்றைக்கு ஒரு பெரிய மேட்ச். மூன்று மணியிலிருந்தே எடைக்காரர் தவித்துக்கொண்டிருந்தார். செயலாளர் உள்ளே வரும்போது ஆண்கள் கூடி நின்று மேட்ச் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

எடைக்காரர் ரிமோட் வைக்கும் இடத்தில் கையை விட்டார். ரிமோட் இல்லை.

“ரிமோட்டு எங்கீங்க?”

“இந்தா இங்க இருக்கு” என்றார் அத்தை. படங்குக்குள் இடுப்பில் செருகி வைத்திருந்தார். “தைரியமிருந்தா வந்து எடுத்துக்க.”

“அக்கா, ஒரு ஓவருங்க. ஒரே ஒரு ஓவரு.”

“இந்த நிரை முடியட்டும். நடுவுல உடுன்னு கங்காணி சொன்னாக்கூட நான் உட்டதில்ல.”

பெண்கள் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். ஆண்களில் இரண்டு பேர் “அட, கரடிய எங்க பாத்தாங்கன்னு படிச்சு முடிச்சுக்கறனுங்க, அப்பறம் போடலாமுங்க” என்று கட்சி மாறினார்கள். செயலாளர் தூணை விட்டு நகர்ந்து இரண்டடி முன்னால் வந்தார். அவர் உதடு அசைந்தது. வலது நிரையைப் படித்துக்கொண்டிருந்தார். அது கவாத்துப் பற்றியது. அவரே எனக்கு எழுதிக் கொடுத்த செய்தி.

அப்போது லாரி வந்தது. எல்லாரும் அவ்வளவு நேரம் எதற்காகக் காத்திருந்தார்களோ அந்த லாரி, வளைவில் வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் மறுபடி அடித்தார். “இரு சாமி, வர்றோம், இன்னும் ரெண்டு வரிதான்” என்று அத்தை திரும்பிப் பார்க்காமலே சொன்னார். டிரைவர் இறங்கி வந்து என்ன இது என்று பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அவரும் படிக்க ஆரம்பித்தார். அவர் தொடங்கியது நடு நிரையிலிருந்து.

மூட்டைகள் எல்லாம் ஏறிய பிறகு செயலாளர் என்னிடம் வந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று அம்மா இலை மூட்டை கட்டும் வலையை மடிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு பக்கத்திலேயே நின்றார்.

“அம்மணி, அடுத்த மாசத்துலருந்து வாராவாரம் மாத்திப் போடு. பழசையே ஓட்டாத. ஒன்னே ஒன்னு” என்றார் அவர். “காதுகுத்து மட்டும் வேண்டாம்.”

அம்மா அதற்கு மேல் பாவனை செய்யவில்லை. மடித்த வலையை என் தலையில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார்.

வழியிலேயே அக்காவுக்குப் போன் செய்தேன். “செக்கிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுக்கா.” கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். “ஏண்டி, எங்க கேண்டீன்லயும் ஒரு டிவி சும்மாத்தான் தொங்குது. அதுல சாம்பார் என்னைக்கு, குருமா என்னைக்குன்னு எழுதித் தர்றியா?” என்றாள். “எத்தன நிரை வேணும்?” என்று கேட்டேன். நிரை என்றால் அவளுக்கும் தெரியும். அவளும் மலையில் வளர்ந்தவள்தானே.

இது நடந்து நான்கு மாதமாகிறது. தேயிலை விலை இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் நடு நிரையில் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள், பார்த்துவிட்டு உச்சுக் கொட்டுகிறார்கள், பிறகு பக்கத்து நிரைக்குப் போகிறார்கள். போன வாரம் மலைக்கு அந்தப் பக்கத்துச் சங்கத்திலிருந்து எங்கள் செயலாளருக்குப் போன் வந்தது. எங்கள் லாரி டிரைவர் அங்கேயும் இலை ஏற்றுகிறவர். சேதியை அவர்தான் கொண்டுபோயிருக்கிறார். அவர்களுக்கும் வேண்டுமாம்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் நானே அங்கே போனேன். அவர்களுடையது பழைய டிவி, சிறியது, கிட்டத்தட்டச் சதுரம். கூண்டு கிடையாது. ஆனால் ஜன்னல் வெளிச்சம் வலது ஓரத்தில் விழுந்து கண்ணைக் கூசுகிறது. கடைசிப் பெஞ்சிலிருந்து பன்னிரண்டு அடி. ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே மூன்று வராது. இரண்டு நிரை, நிரைக்கு ஏழு வரி, வலது ஓரத்தில் நான்கு விரல் சும்மா விட வேண்டும். மத்தியானமே டிடிபி கடையில் உட்கார்ந்து முதல் படத்தைக் கோத்து, எட்டு முறை பேன்டிரைவில் போட்டு, அதே லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன்.